அமெரிக்க அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தால் என்ன? (விவாத இழை)

#1 பாலாறு | எடிசன், நியூ ஜெர்சி

குடியுரிமை கிடைத்த பிறகு இரண்டு அதிபர் தேர்தல்களில் வாக்களித்திருக்கிறேன். 2020-இல் தபாலில், 2024-இல் நேரில் போய். விரலில் மை வைக்காமல், சட்டையில் ஒட்டிக்கொள்ள ஒரு ஸ்டிக்கரைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஊரில் வாக்களித்துப் பழகியவனுக்கு அது வாக்களித்தது போலவே இல்லை. அது போகட்டும்.

என்னை அரிப்பது வேறொன்று. நியூ ஜெர்சி அதிபர் தேர்தலில் கடைசியாகக் குடியரசுக் கட்சியை ஆதரித்தது 1988-இல். அதன்பின் ஒவ்வொரு முறையும் ஜனநாயகக் கட்சிதான். நான் போய் வாக்களித்தாலும், போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கினாலும், எங்கள் மாகாணத்தின் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் 14 தேர்வாளர்களும் ஒரே பக்கம் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். டெலவேர் ஆற்றைத் தாண்டினால் பென்சில்வேனியா. அங்கே இருப்பவரின் ஒரு வாக்குக்காக இரண்டு வேட்பாளர்களும் தவம் கிடக்கிறார்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் வீடு வாங்கியதால் என் வாக்கு செல்லாக்காசு ஆகிவிடுமா?

2000-இல் அல் கோர் நாடு முழுக்க ஏறக்குறைய 5.4 லட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றார். அதிபரானவர் ஜார்ஜ் புஷ். 2016-இல் ஹிலாரி கிளின்டனுக்கு 28 லட்சத்துக்கும் மேல் கூடுதல், அதிபரானவர் டிரம்ப். இந்தத் தேர்வாளர் குழுவைத் தூக்கி எறிந்துவிட்டு, அதிக வாக்கு வாங்கியவர்தான் அதிபர் என்று வைத்துக்கொள்வதில் அப்படி என்ன சிக்கல்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கட்சிச் சண்டை மட்டும் வேண்டாம்.

#2 வைகைக்கரை | மதுரை

ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியன். கேள்வியைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

'எலக்டோரல் காலேஜ்' என்று வீட்டில் சொன்னதும் என் பேத்தி, அது எந்த ஊரில் இருக்கிறது, அங்கே சேர எத்தனை மதிப்பெண் வேண்டும் என்று கேட்டாள். இங்கே காலேஜ் என்றால் கல்லூரி அல்ல; ஒரு வேலைக்காகக் கூடிக் கலையும் குழு. அதுவும் ஒரே இடத்தில் கூடுவதில்லை. டிசம்பரில் அந்தந்த மாகாணத்தில் கூடி, வாக்குச்சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

கணக்கு எளிது. பிரதிநிதிகள் சபைக்கு 435, செனட்டுக்கு 100, தலைநகர் வாஷிங்டனுக்கு 3 (இது 1961-இல் வந்த 23-ஆம் திருத்தத்தால் கிடைத்தது). மொத்தம் 538. இதில் 270 பெற்றவர் அதிபர்.

நம் குடியரசுத் தலைவரையும் ஒரு தேர்வாளர் குழுதானே தேர்ந்தெடுக்கிறது என்று சிலர் நினைக்கலாம். பெயர்தான் ஒன்று. 2022 தேர்தலில் தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு 176. உத்தரப் பிரதேசத்தில் 208, சிக்கிமில் 7. 1971 மக்கள்தொகையை வைத்துப் போட்ட எடை அது. அமெரிக்காவில் தராசு எதிர்ப்பக்கம் சாய்கிறது. எவ்வளவு சிறிய மாகாணமானாலும் செனட்டின் இரண்டு இடங்கள் சேர்ந்துகொள்வதால், ஆள் குறைந்த இடத்தில் எடை கூடுகிறது.

#3 ஃபிரிஸ்கோ முருகு | டெக்சஸ்

பாலாறு, நான் உங்களுக்கு நேர் எதிர்ப்பக்கம். டெக்சஸ் 1976-இல் கார்ட்டரைத் தேர்ந்தெடுத்த பிறகு ஜனநாயகக் கட்சியின் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. என் வாக்கும் இங்கே மலைமேல் வைத்த கூழாங்கல்தான். ஆனால் அதற்காக வீட்டின் தூணை இடிக்கச் சொல்ல மாட்டேன்.

இது மாகாணங்களின் ஒன்றியம். ஐந்து டெஸ்ட் கொண்ட தொடரில் 3-2 என்று வென்ற அணிக்குத்தான் கோப்பை. தோற்ற அணி மொத்த ஓட்டங்களைக் கூட்டிக் காட்டி, எங்களுடையதுதான் அதிகம் என்று கேட்க முடியுமா? இரண்டாவது, நேரடி வாக்கு வந்தால் நியூ யார்க்கும் லாஸ் ஏஞ்சல்சும் சேர்ந்து முடிவு செய்துவிடும். கோதுமை விளைவிக்கிறவனை எவனும் எட்டிப் பார்க்க மாட்டான். மூன்றாவது, 2016-இல் விதி வேறாக இருந்திருந்தால் பிரசாரமும் வேறாக இருந்திருக்கும். டிரம்ப் கலிஃபோர்னியாவில் பத்துக் கூட்டம் போட்டிருப்பார். ஆகவே 28 லட்சத்தைக் காட்டி, 'இவர்தான் வென்றவர்' என்று சொல்வது சதுரங்கம் ஆடி முடித்த பிறகு கேரம் விதியில் காயை எண்ணுவது மாதிரி.

#4 கணக்குப்பிள்ளை | சென்னை

முருகு அண்ணா, மூன்றாவது வாதத்தை முழுக்க ஏற்றுக்கொள்கிறேன். விதி மாறினால் ஆட்டம் மாறும். கடந்த தேர்தல்களைத் திருப்பி எழுதுவது வீண் வேலை.

இரண்டாவதில் எண் இடிக்கிறது. நியூ யார்க், லாஸ் ஏஞ்சல்ஸ், சிகாகோ, ஹூஸ்டன் நான்கு நகரங்களையும் கூட்டினால் 2020 கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 1.77 கோடிப் பேர். நாட்டின் மக்கள்தொகை 33 கோடி. ஐந்து சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. அந்த ஐந்து சதவீதமும் ஒரே கட்சிக்கு வாக்களிக்கப் போவதில்லை.

முதல் வாதத்துக்கு வருகிறேன். டெஸ்ட் தொடரில் ஐந்து ஆட்டமும் ஆடப்படும். இங்கே ஐம்பதில் நாற்பத்து மூன்றின் முடிவு டாஸ் போடுவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. 2024-இல் உண்மையாக ஆடப்பட்டவை பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின், ஜார்ஜியா, வட கரோலைனா, அரிசோனா, நெவாடா ஆகிய ஏழு மாகாணங்கள்தான்.

பலரும் வயோமிங்கைக் காட்டிக் கோபப்படுவார்கள். அங்கே 5.77 லட்சம் பேருக்கு 3 தேர்வாளர்கள், அதாவது 1.92 லட்சம் பேருக்கு ஒருவர். கலிஃபோர்னியாவில் 3.95 கோடிப் பேருக்கு 54, அதாவது 7.3 லட்சம் பேருக்கு ஒருவர். அநியாயம்தான். ஆனால் நோய் அங்கே இல்லை. சின்ன மாகாணங்கள் இரண்டு கட்சிக்கும் உண்டு. வயோமிங்கும் டகோட்டாக்களும் ஒரு பக்கம் என்றால் வெர்மான்ட், டெலவேர், ரோட் ஐலண்ட் மறுபக்கம். பெருமளவு ஈடுகட்டிவிடுகின்றன. அந்த எடையை வைத்துக்கொண்டு வயோமிங் என்ன கண்டது? எந்த வேட்பாளர் அங்கே போய் நிற்கிறார்?

நோய் இருப்பது 'ஒரு வாக்கு கூடினாலும் மாகாணம் முழுவதும் எனக்கு' என்ற விதியில். 2020-இல் டிரம்புக்கு மிக அதிக வாக்குகளைத் தந்த மாகாணம் எது என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். டெக்சஸ் என்பார்கள். டெக்சஸ் தந்தது 58.9 லட்சம். கலிஃபோர்னியா தந்தது 60 லட்சம்! அந்த 60 லட்சம் பேருக்குக் கிடைத்த தேர்வாளர்கள் எண்ணிக்கை பூஜ்யம்.

#5 பாலாறு

கலிஃபோர்னியாவா? நான் பந்தயம் கட்டித் தோற்றிருப்பேன்.

#6 ஃபிரிஸ்கோ முருகு

தம்பி கணக்கு நன்றாகப் போடுகிறார். ஆனால் ஒன்று கேட்கிறேன். மக்கள்தொகையை மட்டும் வைத்து மக்களவை இடங்களைப் பிரித்தால் தமிழ்நாடு நசுங்கிவிடும் என்று இங்கே எத்தனை இழைகளில் பக்கம் பக்கமாக எழுதினோம்? தலையை எண்ணாதே, மாநிலத்தைப் பார் என்று சென்னையில் ஒரு நியாயம். மாகாணத்தைப் பார்க்காதே, தலையை எண்ணு என்று அமெரிக்காவுக்கு ஒரு நியாயமா?

#7 வைகைக்கரை

நல்ல அடி, முருகு. எனக்கும் வலித்தது.

யோசித்துப் பார்த்தேன். தொகுதி மறுவரையறை என்பது சட்டம் இயற்றும் அவையில் மாநிலத்தின் குரல் எவ்வளவு என்ற வழக்கு. அமெரிக்காவில் அந்தக் குரலுக்கென்றே செனட் இருக்கிறது. வயோமிங்குக்கும் இரண்டு, கலிஃபோர்னியாவுக்கும் இரண்டு. நம் மாநிலங்களவையில் அப்படி இல்லாததால்தான் நமக்கு அந்தப் பயம். அதிபர் பதவி ஒற்றை நாற்காலி. அதைப் பங்கு போட முடியாது. ஆனாலும் நீங்கள் சுட்டியதில் உண்மை இருக்கிறது. கூட்டாட்சி என்ற சொல்லை நமக்கு வசதியான இடத்தில் மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

சிறிய மாகாணங்களைக் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு பிறந்தது என்பதை மட்டும் என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. 1787-இல் அரசியலமைப்பை எழுதக் கூடிய ஃபிலடெல்ஃபியா மாநாட்டில் ஜேம்ஸ் வில்சன் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்றார். ஜேம்ஸ் மேடிசனும் ஜூலை 19 அன்று, மக்கள் தேர்ந்தெடுப்பதே தகுந்த முறை என்று ஒப்புக்கொண்டார். உடனே ஒரு சிக்கலையும் சொன்னார்: வடக்கில் வாக்குரிமை உள்ளவர்கள் அதிகம், தெற்கில் கறுப்பின மக்களால் தேர்தலில் எந்தப் பலனும் கிடைக்காது. அவர்கள் அடிமைகள், வாக்களிக்க முடியாது. தேர்வாளர்களை வைத்தால் அந்தச் சிக்கல் தீர்ந்தது. அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணிப் பிரதிநிதிகள் சபை இடங்களைப் பெற்ற தெற்கு, அதே எண்ணிக்கையைத் தேர்வாளர்களிலும் பெற்றுக்கொண்டது.

1790 கணக்கெடுப்பைப் பாருங்கள். வர்ஜீனியாவில் அடிமை அல்லாதவர்கள் சுமார் 4.5 லட்சம். பென்சில்வேனியாவில் சுமார் 4.3 லட்சம். ஏறக்குறையச் சமம். அதற்கடுத்த 1792 தேர்தலில் வர்ஜீனியாவுக்கு 21 தேர்வாளர்கள், பென்சில்வேனியாவுக்கு 15. இடையில் இருக்கும் ஆறு பேர், வாக்களிக்க உரிமையில்லாத மனிதர்களின் தலையை எண்ணிக் கிடைத்தவர்கள். அடிமை முறைதான் ஒரே காரணம் என்று சொல்லவில்லை. பரந்து கிடந்த நாட்டில் எங்கோ இருக்கும் வேட்பாளரை மக்கள் எப்படி அறிவார்கள் என்ற கவலையும் அன்று உண்மையானது.

#8 நெறியாளர்

தொகுதி மறுவரையறைக்குத் தனி இழை இருக்கிறது. அதை அங்கே தொடருங்கள். இங்கே அமெரிக்கா.

#9 செம்பருத்தி | அல்லெண்டவுன், பென்சில்வேனியா

ஆற்றுக்கு அந்தப் பக்கம் தவம் கிடக்கிறார்கள் என்று பாலாறு எழுதியிருக்கிறார். அந்தத் தவத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். சொல்கிறேன், கேளுங்கள்.

2024 செப்டம்பரில் தொடங்கியது. தபால் பெட்டியைத் திறந்தால் வழவழப்பான அட்டைகள் கொட்டின. ஒரே நாளில் பதினொன்று வந்ததை எண்ணி வைத்தேன். தொலைக்காட்சியில் செய்திக்கு நடுவே விளம்பரம் என்பது மாறி, விளம்பரங்களுக்கு நடுவே செய்தி என்றானது. அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை, தோசைக்கல்லில் மாவை ஊற்றிவிட்டுக் கதவைத் திறந்தால் ஜனநாயகக் கட்சித் தொண்டர்கள் இருவர். திரும்பி வந்தால் தோசை கருகிவிட்டது. அடுத்ததை ஊற்றினேன், குடியரசுக் கட்சிக்காரர் மணி அடித்தார். அக்டோபர் 29 அன்று டிரம்ப் இந்த ஊருக்கு வந்தார். தேர்தலுக்கு முதல் நாள் கமலா ஹாரிஸ் வந்தார். கமலாவின் தாய்வழிப் பாட்டனாரின் ஊர் துளசேந்திரபுரம் என்பதால் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நடந்த கூத்தைத் தனி இழையாகத்தான் எழுத வேண்டும்.

இதில் பெருமைப்பட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால், முதல் இரண்டு வாரம் இருந்தது. பிறகு எனக்கு உறைத்தது வேறு. அவர்கள் எங்கள் ஊர் மக்களை நேசித்து வரவில்லை. நிலத்தடிப் பாறையை உடைத்து எரிவாயு எடுக்கும் ஃப்ராக்கிங் தொழில் இந்த மாகாணத்தில் பெரிது. அதைத் தடை செய்வேன் என்று 2019-இல் சொன்ன கமலா, 2024-இல் தடை செய்ய மாட்டேன் என்றார். 2002-இல் புஷ் இரும்புக்கு இறக்குமதி வரி போட்டார். பென்சில்வேனியாவும் ஒஹையோவும் மேற்கு வர்ஜீனியாவும் கண்ணில் இருந்ததால்தான் என்று அன்றே பலரும் எழுதினார்கள். ஃபுளோரிடா ஊசலாடிய காலமெல்லாம் கியூபா பற்றிய வெளியுறவுக் கொள்கை, கியூபாவை விட்டு வந்தவர்கள் நிறைந்த மயாமியில் முடிவானது. எங்கள் ஊர்க்காரர் எதற்குக் கோபப்படுவார் என்று பார்த்து நாடு முழுவதற்கும் கொள்கை எழுதுகிறார்கள். எனக்கு ஆதாயம்தான். ஆனால் நியாயமா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை.

#10 பனங்கிழங்கு | ரொறன்ரோ

நேரடி வாக்கு என்றால் என்னவென்று அனுபவித்த நாட்டில் பிறந்தவன் பேசலாமா?

இலங்கையில் 1982 முதல் ஜனாதிபதியை மக்கள் நேரடியாகவே தெரிவு செய்கிறார்கள். வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று விருப்பு வாக்கு இடலாம். ஒருவரும் பாதியைத் தாண்டாவிட்டால் முதல் இருவரை வைத்துக்கொண்டு, மற்றவர்களின் சீட்டுகளில் உள்ள அடுத்த விருப்பை எண்ணிச் சேர்க்க வேண்டும். நாற்பது ஆண்டுகளாக அதற்குத் தேவையே வரவில்லை. 2024 செப்டம்பரில்தான் வந்தது. அனுர குமார திசாநாயக்க முதல் எண்ணிக்கையில் 42.31 வீதம். விருப்பு வாக்குகளைச் சேர்த்து வென்றார். ஆனாலும் செல்லுபடியான மொத்த வாக்குகளில் பாதியை அவர் தொடவில்லை. ஏனென்றால் பெரும்பாலானோர் இரண்டாம் விருப்பை இடவே இல்லை. ஆகவே 'அதிக வாக்கு பெற்றவர் அதிபர்' என்று பாலாறு ஒரு வரியில் முடித்ததில் பெரிய கேள்வி ஒன்று ஒளிந்திருக்கிறது. எவ்வளவு அதிகம்? மூன்று பேர் நின்று 36, 33, 31 என்று பிரிந்தால் 36-ஐ ஏற்பீர்களா? பிரான்சைப் போல இரண்டாம் சுற்று வைப்பீர்களா?

இன்னொன்று. 2005-இல் புறக்கணிப்பு அழைப்பினால் வடக்கில் வாக்களிப்பு ஏறக்குறைய நடக்கவில்லை. மகிந்த ராஜபக்ச நாடு முழுவதும் சேர்த்துச் சுமார் 1.8 லட்சம் வாக்குகளால் வென்றார். நேரடி முறையில் வீட்டில் இருந்துவிட்டால் உங்கள் பகுதியின் எடை அப்படியே காணாமற்போகும். அமெரிக்க முறையில் ஒரு மாகாணத்தில் பத்துப் பேரே வாக்களித்தாலும் அதன் தேர்வாளர் எண்ணிக்கை குறையாது அல்லவா?

#11 வைகைக்கரை

பனங்கிழங்கு தம்பி, கடைசி வரியில் வரலாற்றின் கழுத்தையே பிடித்துவிட்டீர்கள்.

உள்நாட்டுப் போருக்குப் பிறகு அடிமைகள் முழுக் குடிமக்களானார்கள். ஐந்தில் மூன்று என்பது போய் முழு எண்ணிக்கை வந்தது. தெற்கு மாகாணங்களுக்குத் தேர்வாளர்கள் கூடினார்கள். ஆனால் எழுத்தறிவுத் தேர்வு, தலைவரி, மிரட்டல் என்று ஏதாவது ஒன்றால் கறுப்பின மக்களை வாக்குச்சாவடிக்கு வரவிடாமல் 1965 வரை தடுத்தார்கள். தலையை எண்ணிக்கொண்டார்கள், வாக்கைப் பறித்துக்கொண்டார்கள். நேரடி வாக்கு இருந்திருந்தால் பறித்த ஒவ்வொரு வாக்கும் அந்த மாகாணத்துக்கே நட்டமாகியிருக்கும்.

இந்த முறையை ஒழிக்க மிக அருகில் வந்த ஆண்டுகள் 1969-உம் 1970-உம். 1968-இல் இனப் பிரிவினை பேசிய ஜார்ஜ் வாலஸ் 46 தேர்வாளர் வாக்குகளைப் பெற்றதும் இரண்டு கட்சிகளும் நடுங்கின. எவருக்கும் 270 கிடைக்காமல் போயிருந்தால் வாலஸ் பேரம் பேசியிருப்பார். 1969 செப்டம்பரில் நேரடித் தேர்தலுக்கான திருத்தத்தைப் பிரதிநிதிகள் சபை 338-70 என்ற கணக்கில் நிறைவேற்றியது. அதிபர் நிக்சனும் ஆதரித்தார். செனட்டில் பேசிப் பேசியே நேரத்தைக் கடத்தும் தந்திரத்தை எடுத்தவர்களில் ஸ்ட்ராம் தர்மண்ட், ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட் போன்ற தெற்கு உறுப்பினர்கள் முன்னணியில் நின்றார்கள். 1970 செப்டம்பரில் விவாதத்தை முடித்து வைக்க நடந்த வாக்கெடுப்பில் 54-36. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஆறு வாக்கு குறைந்தது. மசோதா அங்கேயே செத்தது.

#12 ஃபிரிஸ்கோ முருகு

ஐயா, கதையின் அடுத்த பாகத்தையும் சொல்லிவிடுங்கள். 1979-இல் மறுபடி செனட்டுக்கு வந்து 51-48 என்று நின்றது. மூன்றில் இரண்டு பங்குக்கு வெகு தூரம். அந்த முறை எதிர்த்தவர்களில் கறுப்பின அமைப்புகளும் யூத அமைப்புகளும் சில இருந்தன. பெரிய ஊசலாட்ட மாகாணங்களில் சிறுபான்மையினரின் வாக்கு முடிவைத் திருப்பும் வலிமை கொண்டது. நேரடித் தேர்தலில் அந்தப் பிடி போய்விடும் என்பது அவர்கள் வாதம். எதிர்த்தவர்கள் எல்லாரும் தர்மண்ட் கூட்டம் அல்ல.

என் பெரிய அச்சத்தை இன்னும் எழுதவில்லை. 2000-இல் ஃபுளோரிடாவில் 537 வாக்கு வித்தியாசம். துளையிட்ட அட்டையில் காகிதத் துணுக்கு தொங்குகிறதா, விழுந்ததா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். ஐந்து வாரம் நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் முடித்து வைத்தது. அது ஒரு மாகாணம். 1960-இல் கென்னடிக்கும் நிக்சனுக்கும் நாடு முழுக்க வித்தியாசம் ஒரு லட்சத்துச் சொச்சம்தான். நேரடித் தேர்தலில் அப்படி வந்தால் அலாஸ்கா முதல் ஃபுளோரிடா வரை ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் மறு எண்ணிக்கை.

மேலும் இங்கே நம் ஊர் மாதிரி ஒரே தேர்தல் ஆணையம் கிடையாது. மேய்னிலும் வெர்மான்டிலும் சிறைக்குள் இருப்பவரும் வாக்களிக்கலாம். வேறு மாகாணங்களில் தண்டனை முடிந்து வெளியே வந்த பிறகும் முடியாதவர்கள் உண்டு. ஒரேகானில் எல்லாம் தபாலில். டெக்சஸில் அடையாள அட்டை இல்லாமல் போனால் கேள்வி மேல் கேள்வி. ஐம்பது விதமான படியில் அளந்த நெல்லை ஒரே குதிரில் கொட்டி, இத்தனை மரக்கால் என்று எப்படிச் சொல்வீர்கள்?

#13 கணக்குப்பிள்ளை

படி உவமை அருமை, அண்ணா. இந்த இழையில் வந்த எதிர்வாதங்களில் கனமானது இதுதான். நேரடித் தேர்தல் வேண்டுமென்றால் வாக்காளர் யார், எப்படி எண்ணுவது என்பதற்குப் பொது விதி வேண்டும். அதைச் செய்யாமல் குதிக்கக் கூடாது.

ஆனால் மறு எண்ணிக்கைப் பயத்தைத் தலைகீழாகப் பார்க்கிறேன். 2020-இல் பைடன் நாடு முழுக்க 70 லட்சம் வாக்கு முன்னணியில் இருந்தார். எந்தப் பூதக்கண்ணாடியாலும் அதைக் கரைக்க முடியாது. தேர்வாளர் குழுவில் அவர் தொங்கியதோ அரிசோனாவின் 10,457, ஜார்ஜியாவின் 11,779, விஸ்கான்சினின் 20,682 வாக்குகளில். மூன்றும் சேர்த்து 43,000கூட இல்லை. அவை மூன்றும் புரண்டிருந்தால் 269-269. அதன்பின் முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போகும். அங்கே ஆளுக்கு ஒரு வாக்கு அல்ல, மாகாணத்துக்கு ஒரு வாக்கு. 53 உறுப்பினர் கொண்ட அன்றைய கலிஃபோர்னியாவுக்கும் ஒன்று, ஒரே உறுப்பினர் கொண்ட வயோமிங்குக்கும் ஒன்று. ஒரு பெரிய குளத்தை ஐம்பது சிறு குட்டைகளாக வெட்டினால் ஏதாவது ஒரு குட்டை வற்றும் வாய்ப்புக் கூடத்தானே செய்யும்?

இது ஒரு கட்சியின் கைக்குழந்தையும் அல்ல. 2004-இல் புஷ் 30 லட்சம் வாக்குகள் முன்னணி. ஒஹையோவில் வித்தியாசம் 1.18 லட்சம். அங்கே அறுபதாயிரம் பேர் மனம் மாறியிருந்தால் ஜான் கெர்ரி அதிபர். அன்று முருகு அண்ணா இதே இழையைத் தொடங்கியிருப்பார்.

#14 ஃபிரிஸ்கோ முருகு

தொடங்கியிருப்பேன். மறுக்கவில்லை.

#15 பாலாறு

எல்லாவற்றையும் படித்த பிறகு என் கேள்வியே மாறிவிட்டது. தேர்வாளர் குழு இருப்பதா எடுப்பதா என்பதைவிட, மாகாணத்தை மொத்தமாக ஒருவருக்கே கொடுக்கும் விதிதான் என் வாக்கை விழுங்குகிறது. அது அரசியலமைப்பிலேயே இருக்கிறதா? மேய்னும் நெப்ராஸ்காவும் பிரித்துக் கொடுக்கின்றனவே. எல்லா மாகாணங்களும் அப்படிச் செய்துவிட்டால் திருத்தமே தேவையில்லையே?

#16 வைகைக்கரை

அரசியலமைப்பில் இல்லை. தேர்வாளர்களை எப்படி நியமிப்பது என்பது அந்தந்த மாகாணச் சட்டமன்றத்தின் விருப்பம். தொடக்கத்தில் பல முறைகள் இருந்தன. 1800 தேர்தலுக்கு முன் வர்ஜீனியா, தன் மண்ணின் வேட்பாளரான ஜெஃபர்சனுக்கு ஒரு வாக்கும் சிதறக் கூடாது என்று மொத்தமாகக் கொடுக்கும் முறைக்கு மாறியது. எதிர்த்து நின்ற ஆடம்ஸின் மாசசூசெட்ஸும் தன் முறையை மாற்றிக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரன் மதிலை உயர்த்தினால் நாமும் உயர்த்துவோம் அல்லவா? 1836-க்குள் தென் கரோலைனா தவிர எல்லா மாகாணங்களும் இதே வழிக்கு வந்துவிட்டன. நிறுவனர்களின் ஞானம் என்று இன்று போற்றப்படுவதில் பாதி, 1800-இல் நடந்த கட்சிக் கணக்கு.

#17 கணக்குப்பிள்ளை

மேய்ன், நெப்ராஸ்கா வழியில் ஒரு குழி இருக்கிறது. அவை பிரிப்பது வாக்கு விகிதப்படி அல்ல. பிரதிநிதிகள் சபைத் தொகுதிப்படி. அந்தத் தொகுதிகளின் எல்லையை வரைவது பெரும்பாலும் மாகாண அரசியல்வாதிகள். 2012-இல் நாடு முழுக்க இந்த முறை இருந்திருந்தால், ஒபாமாவைவிட ஏறக்குறைய 50 லட்சம் வாக்கு குறைவாகப் பெற்ற மிட் ராம்னி வென்றிருப்பார். எலிக்குப் பயந்து புலிக்குகைக்குள் போன கதை.

நெப்ராஸ்காவில் ஒமாஹா நகரை உள்ளடக்கிய இரண்டாம் தொகுதி 2008, 2020, 2024 தேர்தல்களில் ஜனநாயகக் கட்சிக்குப் போனது. அந்த ஒற்றைத் தேர்வாளரைப் பிடிக்க 2024 செப்டம்பரில்கூட விதியை மாற்றப் பார்த்தார்கள். அங்கேயே ஒரு மாகாணச் செனட்டர் ஒப்புக்கொள்ளாததால் நின்றது.

திருத்தம் என்று போனால் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு, அதன்மேல் 38 மாகாணங்கள். 13 மாகாணங்கள் மறுத்தால் போதும், கதை முடிந்தது. அதனால்தான் ஒரு குறுக்குவழி ஓடிக்கொண்டிருக்கிறது. மாகாணங்கள் தங்களுக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, நாடு முழுக்க அதிக வாக்கு பெற்றவருக்கே எங்கள் தேர்வாளர்களைத் தருவோம் என்று சட்டம் இயற்றுகின்றன. சேர்ந்த மாகாணங்களின் கூட்டுத்தொகை 270-ஐத் தொட்டால்தான் அது உயிர்பெறும். 2007-இல் மேரிலண்ட் தொடங்கியது. 2024-இல் மேய்ன் சேர்ந்தபோது கணக்கு 209. அப்போது சேர்ந்திருந்தவை எல்லாம் ஜனநாயகக் கட்சிப் பக்கம் சாயும் இடங்கள் என்பதே அதன் பலவீனம்.

எனக்கு இந்த வழி முழுத் திருப்தி தரவில்லை. நெருக்கடி வரும் ஆண்டில் ஏதாவது ஒரு மாகாணம், எங்கள் மக்கள் தேர்ந்தெடுத்தவர் வேறு என்று பின்வாங்கினால் என்ன ஆகும்? நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் மாகாணங்கள் இப்படி உடன்படிக்கை செய்யலாமா என்ற கேள்வியும் காத்திருக்கிறது. கூரையைப் பிரிக்காமல் உத்தரத்தை மாற்றும் வேலை.

பாலாறு அண்ணா, உங்களுக்கு ஒரு செய்தி. நியூ ஜெர்சி இதில் 2008 ஜனவரியிலேயே கையெழுத்திட்டுவிட்டது. மேரிலண்டுக்கு அடுத்தது நீங்கள்தான்.

#18 பாலாறு

2008 ஜனவரியில் நான் சோழிங்கநல்லூரில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். விசா நேர்காணல்கூட முடியவில்லை. இத்தனை ஆண்டுகளாக என் மாகாணம் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறது என்பது இன்று வரை தெரியாது. பக்கத்து வீட்டு அமெரிக்கரிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

#19 பனங்கிழங்கு

அர்ஜென்டினாவிலும் தேர்வாளர் குழு இருந்தது. 1994 அரசியலமைப்பு மாற்றத்தில் எடுத்துவிட்டார்கள். ஃபின்லாந்தும் 1994 தேர்தலில் இருந்து நேரடி முறைக்கு வந்தது. இரண்டு நாட்டிலும் வானம் இடிந்து விழவில்லை. ஆனால் இரண்டிலும் இரண்டாம் சுற்று உண்டு. அதை மறந்துவிட்டு ஆரம்பிக்காதீர்கள் என்று மட்டும் மீண்டும் சொல்லி வைக்கிறேன்.

#20 ஃபிரிஸ்கோ முருகு

நான் முழுக்க மாறிவிட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம். பொது விதி, பொதுவான எண்ணிக்கை முறை, இரண்டாம் சுற்று அல்லது விருப்பு வாக்கு என்று எல்லாம் சேர்ந்த முறையான திருத்தம் வந்தால் உட்கார்ந்து படிப்பேன். உடன்படிக்கை என்ற குறுக்குவழிக்கு என் ஆதரவு இல்லை. டெக்சஸில் 2024-இல் கமலாவுக்கு வாக்களித்த 48 லட்சம் பேரில் என் மகளும் ஒருத்தி. அவள் வாக்குக்கு ஒரு தேர்வாளரும் கிடைக்கவில்லை என்று அவள் கேட்டபோது என்னிடம் டெஸ்ட் தொடர் உவமைதான் இருந்தது. அவளுக்குக் கிரிக்கெட் தெரியாது.

இத்தனை ஆண்டுகளில் அதிபர் தேர்தலுக்காக என் கதவை ஒருவரும் தட்டியதில்லை. பள்ளி வாரியத் தேர்தலுக்குத்தான் தட்டுகிறார்கள். செம்பருத்தி அக்காவின் மேல் கொஞ்சம் பொறாமை.

#21 செம்பருத்தி

பொறாமை வேண்டாம், முகவரியை அனுப்புங்கள். அந்த அட்டைகள் இன்னும் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அந்த ஆண்டு நவராத்திரியும் பிரசாரமும் ஒரே சமயத்தில் வந்தன. கொலுப் படியில் மூன்றாவது ஒரு பக்கம் ஆடிக்கொண்டே இருந்தது; இரண்டு கட்சி அட்டைகளையும் எட்டெட்டாக மடித்து அடியில் கொடுத்தேன். தசாவதார செட் அசையாமல் நின்றது. இந்த ஆண்டும் அவற்றையே வைத்தேன்.